கவிழ்த்துப் போட்ட கல்லில் விழுந்த துளி

லாலாகூடா ரயில்வே காலனிப் பக்கம் போய்த் திலகவதியைப் பற்றி விசாரித்தால், "அன்னக்கிளி தங்கச்சியைத்தானே கேக்கறீங்க?" என்பார்கள். திலகவதி அங்கிருந்து போய்ப் பல வருஷமாகிறது. உப்பலில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறாள். ஆனாலும் அவள் பெயர் அந்தத் தெருவில் புழங்கிக்கொண்டே இருந்தது. சேலைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுக்க வருகிற எந்தப் பெண்ணும், தங்கையின் பெருமையில் ஒரு முழமாவது கேட்டுக்கொள்ளாமல் அன்னக்கிளியிடமிருந்து சேலையைத் திரும்ப வாங்கிப் போனது கிடையாது.

"என் தங்கச்சி தடய ஆய்வுக்கூடத்துல இருக்கா. ஒரு சொட்டு ரத்தத்தைக் காட்டினா போதும். அது சொட்டிச்சா, தெறிச்சுதா, எவ்ளோ உசரத்துலேர்ந்து விழுந்துதுன்னு புட்டுப் புட்டு வெச்சிடுவா."

"ஹவ் அக்கா, ஆமா," என்பாள் எதிர்வீட்டு சபீனா. வாணியம்பாடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். "அப்படியே எங்க வீட்டுக்காரர் சட்டையையும் காட்டிக் கேட்டுச் சொல்லு. தயிர் சாதம் சாப்பிட்டேன்னு சத்தியம் பண்றாரு. கறை நல்லி எலும்புக் குழம்பு மாதிரி இருக்குது."

அன்னக்கிளியும் சிரிப்பாள். ஆனால் விடமாட்டாள். அடுத்த சேலைக்காரி வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள்.

அவர்களுடைய அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து வந்து தெலுங்கு பேசுகிற இந்த ஊரில் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். அன்னக்கிளி எட்டாவதோடு நின்றுவிட்டாள். அம்மா படுத்த படுக்கையானபோது வீட்டைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. திலகவதி அப்போது பால்பல் விழாத குழந்தை. அக்காள்தான் தலை வாரிவிட்டாள், சோறு ஊட்டினாள், பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டாள். பிறகு அதே பட்டறையில் வேலை பார்த்த சாம்பசிவத்துக்கு வாழ்க்கைப்பட்டபோது, தங்கையையும் கூடவே அழைத்துவந்தாள். சாம்பசிவம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் தன் சைக்கிளுக்கு இரண்டு சாவி செய்துகொண்டு வந்தார். ஒன்றை மைத்துனியிடம் கொடுத்தார்.

சிறு வயதில் லீவுக்கு ஜோலார்பேட்டை போகும்போது மழை பிடித்துக்கொண்டால், ரயில் ஜன்னல் கண்ணாடியில் ஓடும் துளிகளை வைத்து அக்காளும் தங்கையும் பந்தயம் கட்டுவார்கள். உன் துளி முதலில் கீழே போகிறதா, என் துளியா என்று. அன்னக்கிளி எப்போதும் பெரிய துளியாகப் பார்த்துப் பிடிப்பாள். திலகவதி கண்ணாடியைப் பார்ப்பாள். எங்கே கீறல் இருக்கிறது, எங்கே அழுக்கு ஏறியிருக்கிறது, எங்கே துடைத்த மாதிரி வழவழப்பாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் துளியைத் தேர்ந்தெடுப்பாள். அன்னக்கிளியின் கொழுத்த துளி பாதி வழியில் ஒரு கீறலில் மாட்டிக்கொண்டு நிற்கும். திலகவதியின் பொடித் துளி வழியில் கிடப்பதையெல்லாம் சேர்த்துக்கொண்டு சர்ரென்று இறங்கிவிடும்.

"துளியப் பாக்காத அக்கா, அது போற வழியப் பாரு" என்பாள் அந்தப் பொடிசு.

அவள் கெமிஸ்ட்ரி படித்தாள். அதற்கு மேலே தடய அறிவியல் படித்தாள். நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ரத்தக்கறைப் பிரிவில் வேலை கிடைத்தது. முதல் நாள் வேலை முடிந்து வந்தவளை அன்னக்கிளி வாசலிலேயே நிறுத்தி, பின்பக்கமாக வரச்சொல்லித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உள்ளே விட்டாள். யார் யாருடைய சாவோ ஒட்டிக்கொண்டு வரும் என்று அவளுக்குப் பயம். கொஞ்ச காலத்தில் பயம் போய்விட்டது. ஆனால் திலகவதிக்குப் பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் அக்காள் வீட்டுக்கு எந்த நேரம் வந்தாலும் நேரே பின்கட்டுக்குப் போய்க் கைகால் கழுவிக்கொண்டுதான் உட்காருவாள். நடந்ததெல்லாம் அந்தப் பழக்கத்தால் வந்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

உப்பலைத் தாண்டி ஒரு பேட்டையில், மல்லேஷ் என்ற வெல்டர் தன் வீட்டுப் பின்புறம் துணி துவைக்கிற இடத்தில் அடிபட்டுச் செத்துப்போனான். அதே வீட்டில் இன்னொரு அறையில் இருந்தவன் அவனுடைய தம்பி யாதகிரி. வீட்டைப் பிரிப்பதில் அண்ணன் தம்பிக்குள் அன்று சாயங்காலம் வாய்த்தகராறு நடந்தது தெருவுக்கே தெரியும். அண்ணன் ஈரத்தில் சறுக்கிக் குழாய்க் கட்டையில் மோதிக்கொண்டான், தூக்கிச் சுவரோரம் உட்காரவைத்தேன், நெற்றியிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் உயிர் போய்விட்டது என்றான் யாதகிரி. இரும்புக் கம்பியால் அடித்தான் என்றது போலீஸ்.

தரையில் இருந்த ரத்தத் துளிகளின் படங்கள் திலகவதியிடம் வந்தன. உட்கார்ந்திருப்பவன் நெற்றியிலிருந்து சொட்டினால், துளி குங்குமப் பொட்டு மாதிரி வட்டமாக விழும். ஓரம் வழவழவென்று இருக்கும். படத்தில் இருந்த துளிகளுக்கோ ஓரமெல்லாம் முள். பக்கத்திலேயே பொடிப்பொடியாகத் தெறிப்பு. வேகமாக வந்து மோதின துளிக்குத்தான் அப்படி முள் கிளம்பும். தரை, இந்த ஊர் வீடுகளில் பாவுகிற ஷாபாத் கல் என்று சம்பவ இடத்துக் குறிப்பில் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் ஷாபாத் கல் இருந்தது. திலகவதி அதில் துளி துளியாக விட்டுப் பார்த்தாள். தாழ்வான உயரத்திலிருந்து விழுந்த எதற்கும் முள் வரவில்லை. 'இவை சொட்டிய துளிகள் அல்ல, வேகத்துடன் வந்து விழுந்தவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். யாதகிரி சொன்னது பொய் என்றாகிவிட்டது. அவனுக்கு ஜாமீனும் கிடைக்கவில்லை.

இதையும் அன்னக்கிளி தெரு முழுக்கச் சொன்னாள். பேப்பரில் ஒரு மூலையில், நிபுணர் அறிக்கையால் துப்புத் துலங்கியது என்று தெலுங்கில் வந்திருந்ததைக் கத்தரித்துத் தையல் மெஷின் டிராயரில் வைத்துக்கொண்டாள். அடுத்த வருஷமே திலகவதியைப் பிரிவுத் தலைவியாக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வருவதற்கு முன்பே மஞ்சளும் சுண்ணாம்பும் எடுத்துவைத்துவிட்டாள். தெருவே கண் போட்டிருக்கிறது. ஆரத்தி எடுக்காமல் உள்ளே விடுவதாக இல்லை.

அன்னக்கிளி எதையும் சிந்துகிறவள் அல்ல. ஊசியில் நூல் கோக்கும்போதுகூட நூலின் நுனி ஒரே தடவையில் போக வேண்டும் அவளுக்கு. ஆனால் அன்றைக்குச் சந்தோஷத்தில் தாம்பாளத்தில் தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டாள். பின்கட்டில் கரைத்துத் தூக்கிக்கொண்டு கூடத்தின் வழியாக வாசலுக்கு வருவதற்குள் விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே வந்தது.

"எதுக்குக்கா இதெல்லாம்? நக்கோ, வேணாம். பாக்கறவங்க சிரிக்கப்போறாங்க" என்று திலகவதி கூச்சத்தோடு தெருவைப் பார்த்தாள்.

"சிரிக்கறவங்க கண்ணுதான் மொதல்ல படும். அசையாம நில்லுடி."

"அன்னக்கிளி, எனக்குப் பட்டறையில சீனியர் டெக்னீசியன் குடுத்தப்போ ஒரு டம்ளர் டீகூட இல்ல" என்றார் உள்ளேயிருந்து சாம்பசிவம்.

"உங்க மேல யாரு கண்ணு போடறாங்க?"

நெற்றியில் சிவப்புப் பொட்டோடு திலகவதி வழக்கம்போலக் கைகால் கழுவப் பின்கட்டுக்குப் போனாள். அன்னக்கிளி வாசலில் ஆரத்தியைக் கொட்டிவிட்டு, சிந்தினதைத் துடைக்க ஈரத்துணியோடு உள்ளே வந்தாள். கூடத்தில் குனிந்தவளுக்குப் பின்கட்டிலிருந்து சத்தம் கேட்டது.

"அக்கா! தொடைக்காத! எதையும் தொடைக்காத!"

அவள் அப்படிக் கத்தி அன்னக்கிளி கேட்டதே இல்லை. பாம்பு ஏதோ வந்துவிட்டதென்று ஓடினாள். திலகவதி குழாயடியில் ஒரு கால் ஈரமும் ஒரு கால் காய்ந்ததுமாகக் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஆரத்தித் தண்ணீர் சிந்தியிருந்தது. வேறொன்றுமில்லை.

"இந்தக் கல்லு ஏன் இப்படி இருக்குது?"

"எப்படி?"

"சொரசொரன்னு."

"தெரியாத மாதிரி கேக்கற. மாமா மழையில வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடச்சுக்கிட்டாரே. அதுக்கப்புறம் கொத்தனாரை வெச்சு இங்க மட்டும் கல்லைக் கவுத்துப் போட்டோம். பாலிஷ் பக்கம் கீழே போயிடுச்சு. தண்ணி பொழங்கற எடத்துல நெறைய பேரு அப்படித்தானே போடறாங்க?"

திலகவதி எழுந்து கூடத்துக்கு வந்தாள். கூடத்திலும் அதே ஷாபாத் கல்தான். ஆனால் மெருகேற்றிய முகம் மேலே இருந்தது. அங்கே விழுந்த சிவப்புத் துளிகள் எல்லாம் அச்சில் போட்ட மாதிரி வட்டம். பின்கட்டில் விழுந்தவை ஓரமெல்லாம் பல் பல்லாக, நெருஞ்சிமுள் மாதிரி இருந்தன. அதே தாம்பாளம், அதே கை, அதே உயரம்.

அன்னக்கிளிக்கு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை.

"கோயில்ல கதவு தொறந்ததும் ஜனம் ஓடும் பாரு" என்றாள் திலகவதி. "தரை சமமா இருந்தா எல்லாரும் ஒரே வரிசையாப் போய் நிப்பாங்க. வழியில மேடும் பள்ளமுமா இருந்தா? பள்ளம் கெடைச்சவன் முன்னாடி ஓடிடுவான். மேட்டுல முட்டினவன் அங்கயே நின்னுடுவான். வரிசை பல்லுப் பல்லா ஆயிடும். துளி விழுந்து பரவறதும் அப்படித்தான். வேகமா வந்தாலும் முள்ளு வரும். கல்லு சொரசொரன்னு இருந்தா, மெதுவா சொட்டினாலும் முள்ளு வரும்."

"சரி. அதுக்கென்ன இப்ப?"

"யாதகிரி வீட்லயும் துணி தொவைக்கற எடம்தானே அக்கா."

அன்னக்கிளி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"இது மஞ்சத்தண்ணி, ரத்தமில்ல" என்று திலகவதி தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னாள். "ரத்தம் இன்னும் கெட்டி. கணக்கு மாறும். ஆனா எந்தப் பக்கம் மேல இருந்துதுன்னு நான் கேக்கவே இல்லியே. ஷாபாத் கல்லுன்னு எழுதியிருந்துது. பாலிஷ் பக்கம்தான் மேல இருக்கும்னு என் கையே எடுத்து வெச்சுது."

இந்த ஊரில் பிறந்து வளர்ந்த யாரும் அப்படித்தான் எடுத்து வைப்பார்கள். ஷாபாத் கல் என்றால் வீட்டுத் தரை, வீட்டுத் தரை என்றால் வழவழப்பு. வெளியூர்க்காரனாக இருந்தால் எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான்.

அன்று திலகவதி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், உண்ணவில்லை. போகும்போது, நான் கேமரா கொண்டுவருகிறவரை பின்கட்டில் அந்த மூலையில் தண்ணீர் ஊற்றாதே என்று சொல்லிவிட்டுப் போனாள். அழுக்கைக் கண்டால் சோறு இறங்காத அன்னக்கிளி, அந்தச் சிவப்புக் கறையின்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து மூடிவைத்தாள்.

அந்த வாரமே திலகவதி விசாரணை அதிகாரியோடு அந்த வீட்டுக்குப் போனாள். கல் கவிழ்த்துத்தான் போடப்பட்டிருந்தது. படம் எடுத்தவர்கள் நேர் மேலிருந்து வெளிச்சம் போட்டு எடுத்ததில் மேடு பள்ளம் எதுவும் தெரியாமல் போயிருந்தது. அந்தத் தரையிலிருந்தே ஒரு கல்லைப் பெயர்த்து எடுத்துவந்து, ரத்தத்தை வைத்தே சோதித்தாள். முக்காலி உயரத்திலிருந்து சொட்டினாலும் முள் வந்தது. பக்கத்தில் பொடித் தெறிப்பும் வந்தது. சாய்த்துப் பார்த்தாள். வழவழப்பான கல்லில் சறுக்கி ஓடும் துளி, இதில் விழுந்த இடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

இனி என்ன செய்வது என்பதில் அவளுக்குச் சந்தேகமிருக்கவில்லை. சந்தேகமெல்லாம் அன்னக்கிளிக்குத்தான்.

"நீயே போயி நான் தப்பா எழுதிட்டேன்னு சொல்லணுமா? அவன் வக்கீல் கண்டுபிடிச்சுக் கேக்கட்டுமே. கேட்டா சொல்லு."

"கேக்கலைன்னா?"

"அவன் நெஜமாவே அடிச்சிருந்தா?"

"அடிச்சிருக்கலாம் அக்கா. எனக்குத் தெரியாது. ஆனா அவன் பொய் சொல்றான்னு நான் எழுதியிருக்கேன். அதை வெச்சுத்தான் உள்ள கெடக்கறான். எனக்குத் தெரியாததைத் தெரியும்னு எழுதிட்டேன்."

"பெரிய பதவி வர்ற நேரம்டி." அன்னக்கிளி மெஷின் டிராயரைத் திறந்து மூடினாள். "நான் எத்தினி பேருகிட்ட சொல்லிட்டேன்."

திலகவதி மெஷின்மேல் கிடந்த பட்டுச் சேலையை எடுத்தாள். பாதி தைத்திருந்த ஃபால்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் அன்னக்கிளி முழுக்கத் தைத்து முடித்து, நடுவில் ஓரிடத்தில் இழுத்துக்கொண்டிருக்கிறதென்று மொத்தத்தையும் பிரித்துவிட்டு மறுபடி தைத்துக்கொண்டிருந்த சேலை அது.

"கட்டினா மடிப்புல மறைஞ்சு போயிருக்கும். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எதுக்குப் பிரிச்ச?"

அன்னக்கிளி சேலையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். சாம்பசிவம்தான் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "கோர்ட்டுக்குத் தனியாப் போகாதம்மா. உங்க அக்காவைக் கூட்டிக்கினு போ."

அறிக்கையை மாற்றி எழுதியபோது மேலதிகாரி தடுக்கவில்லை. "எழுதுங்கள். ஆனால் கூண்டில் நிற்கப்போவது நீங்கள் மட்டும்தான்" என்றார். பிரிவுத் தலைவி உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது.

சாட்சி சொல்லும் நாளில் அன்னக்கிளி தங்கைக்காக எலுமிச்சை சாதம் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். கோர்ட்டில் பேசியது பாதி தெலுங்கு, பாதி இங்கிலீஷ். தெலுங்கு நன்றாகப் புரிந்தது. இங்கிலீஷைத் தங்கையின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். ஒரு பக்கம் போலீஸ்காரர்கள் நடுவில், மீசையில் அங்கங்கே வெள்ளை ஓடிப்போன ஒருவன் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தான். அவன்தான் யாதகிரி என்று யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. எதிர்ப் பக்கம் மர பெஞ்சில் ஒரு பெண் அவனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பார்வையிலேயே அவள் மல்லேஷின் மனைவி என்று தெரிந்தது. பெயர் பாலமணி என்று கூப்பிட்டபோது தெரிந்தது.

அரசு வக்கீல் எழுந்தார். அவருக்குக் கோபம் வருவதில் நியாயமிருந்தது. அவர் கட்டிய சுவரில் ஒரு கல்லை அவருடைய சாட்சியே உருவப்போகிறாள்.

"முதல் அறிக்கையில் இருப்பது உங்கள் கையெழுத்தா?"

"ஆமாம்."

"இரண்டாவதில்?"

"அதுவும் என்னுடையதுதான்."

"ஒன்று அடித்தான் என்கிறது. இன்னொன்று தெரியாது என்கிறது. நாங்கள் எந்தக் கையெழுத்தை நம்புவது மேடம்?"

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். அன்னக்கிளிக்குக் காது மடல் சுட்டது. எழுந்து போய் அந்த வாயில் ஒன்று போடலாம்போல இருந்தது. திலகவதி சிரித்தவர் பக்கம் திரும்பவே இல்லை.

"என் கையெழுத்தை நம்ப வேண்டாம்" என்றாள். "முதலில் நான் சோதித்தது கல்லின் வழவழப்பான முகத்தை. அந்த வீட்டில் துளி விழுந்தது மறுமுகத்தில். எந்த முகம் என்று கேட்காமல் எழுதியது என் தவறு. அந்த வீட்டுக் கல் இங்கே இருக்கிறது. அதில் மெதுவாகச் சொட்டினாலும் இப்படித்தான் விழும். வேகமாக அடித்தாலும் இப்படித்தான் விழும்."

யாதகிரிக்காக வந்திருந்த இளம் வக்கீல் துள்ளி எழுந்தார். "ஆக, என் கட்சிக்காரர் சொன்னது உண்மை என்று நிபுணரே சொல்கிறார்!"

"இல்லை. நான் அப்படிச் சொல்லவில்லை."

"பிறகு?"

"அவர் சொன்னது பொய் என்று இந்தத் துளிகளை வைத்துச் சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது."

அவர் அப்படியே உட்கார்ந்தார். நீதிபதி ஒரு பெண்மணி. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திலகவதியைப் பார்த்தார்.

"அவர் எப்படி இறந்தார் என்று உங்களுக்குத் தெரியாது?"

"தெரியாது, அம்மா."

இரண்டு பக்கத்து வக்கீலுக்கும் உதவாத சாட்சியாகத் தன் தங்கை கூண்டிலிருந்து இறங்கி வருவதை அன்னக்கிளி பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பாடிவிட்டு மேடையிலிருந்து இறங்கும்போது கூட்டத்தில் அக்காள் எங்கே என்று தேடுவாளே, அதேமாதிரி தேடினாள். அன்னக்கிளி கையைத் தூக்கிக் காட்டினாள்.

வெளியே தாழ்வாரத்தில் பாலமணி வழிமறித்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

"மேடம், அவன்தான் அடிச்சான்னு மொதல்ல நீங்கதான் எழுதினீங்க" என்றாள் தெலுங்கில். "அவனை எடுத்து வளத்ததே என் வீட்டுக்காரர். நான் இந்த வீட்டுக்கு வந்தப்போ அவனுக்கு டவுசர் பட்டன் போடத் தெரியாது. நான்தான் போட்டுவிட்டேன். எம்மேல சத்தியம் அண்ணி, நான் அடிக்கலைன்னு ஜெயில்லேர்ந்து சொல்லி அனுப்பினான். துளி பொய் சொல்லாதுன்னு போலீஸ்காரங்க சொன்னாங்க. நான் துளியை நம்பினேன். போய் ஒரு தடவைகூட அவன் மொகத்தைப் பாக்கலை. இப்போ தெரியாதுங்கறீங்க. நான் யாரைம்மா வெறுக்கறது?"

திலகவதி படித்த படிப்பில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. "துளி பொய் சொல்லலைம்மா. நான்தான் அதைத் தப்பாப் படிச்சேன். நீங்க அவரைப் பாக்காம இருந்த நாளெல்லாம் என் தப்பு" என்றாள்.

பாலமணி சுவரில் சாய்ந்தபடியே கீழே சரிந்து உட்கார்ந்தாள். அன்னக்கிளி பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அவள் வாங்கிக் குடித்தாள். எலுமிச்சை சாதத்தை நீட்டியபோது வேண்டாமென்று தலையசைத்தாள். அக்காளும் தங்கையும் அதைத் திறக்கவே இல்லை. அப்படியே திரும்பிவந்தது.

பஸ் தார்நாகா தாண்டும்போது தூறல் பிடித்தது. ஜன்னல் கண்ணாடியில் துளிகள் வந்து ஒட்டின, சில ஓடின, சில நின்றன. அன்னக்கிளி பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு வந்தாள். திலகவதி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

வாசலில் செருப்பைக் கழற்றியதும், "நில்லு" என்றாள் அன்னக்கிளி. உள்ளே போய்ச் சிவப்புத் தண்ணீர் கரைத்த தாம்பாளத்தோடு வந்தாள்.

"இப்ப எதுக்குக்கா? பதவிதான் போயிடுச்சே."

"பதவிக்கு எடுத்தது அன்னிக்கு. இன்னிக்குத்தான் ஒரு கோர்ட்டுக் கண்ணு மொத்தமும் உம்மேல பட்டிருக்குது. அசையாத."

சுற்றி எடுத்தாள். இந்த முறை தண்ணீர் அளவாக இருந்தது. வாசலுக்கு வருகிற வழியில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. நெற்றியில் வைத்த பொட்டு மட்டும் கொஞ்சம் கோணிப்போனது. தங்கை குனிந்து அக்காளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அன்னக்கிளி தாம்பாளத்தை ஒரு கையில் பிடித்தபடி, அவளாக நிமிரும்வரை அசையாமல் நின்றாள்.

தீர்ப்பு வரச் சில மாதமானது. கம்பியால் அடித்ததற்கு வேறு சாட்சியம் நிற்கவில்லை. குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று யாதகிரியை விட்டுவிட்டார்கள். அவன் வெளியே வந்தபோது சிறை வாசலில் பாலமணி நின்றிருந்தாள் என்று விசாரணை அதிகாரி திலகவதியிடம் சொன்னார். பேசிக்கொண்டார்களா என்று அவள் கேட்டாள். அது தனக்குத் தெரியாது என்றார். பிரிவுத் தலைவி நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். திலகவதி பழைய மேஜையிலேயே இருக்கிறாள். இப்போதெல்லாம் எந்தத் துளியின் படம் வந்தாலும், தரையின் படம் தனியாக, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தது வேண்டுமென்று கேட்டு வாங்கிய பிறகுதான் தொடுகிறாள்.

அன்னக்கிளி மெஷின் டிராயரிலிருந்த பேப்பர் துண்டைக் கிழித்துப் போட்டுவிட்டாள். பின்கட்டிலிருந்த கூடையை எடுத்துவிட்டுத் தேய்த்துப் பார்த்தாள். மேட்டில் இருந்த சிவப்பு போயிற்று. பள்ளத்தில் இறங்கினது போகவில்லை.

ஒருநாள் சபீனா துப்பட்டாவுக்கு ஓரம் அடிக்க வந்தாள். சுற்றி வளைக்கத் தெரியாதவள் அவள்.

"அக்கா, உன் தங்கச்சி பெரிய மேடம் ஆவான்னியே, இன்னா ஆச்சு?"

"ஆகலை."

"கைக்கு? ஏன்?"

அன்னக்கிளி மெஷினை நிறுத்தினாள். துப்பட்டாவின் ஓரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தையல் நேராக இருந்தது.

"ஒரு தையல் கோணிப்போச்சு. யாரும் கேக்கறதுக்கு முன்னாடி அவளே பிரிச்சிட்டா. அதான்" என்றாள். பிறகு, "உக்காரு, முழுசா சொல்றேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.